கௌல் (இன்ஜினை மூடும் மூக்கு உறை) மாட்டினால் மட்டும் மாடல் விமானத்தின் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் சூடாகி நின்றுவிடுகிறது. என்ன காரணம்?

கேள்வியில் சொன்னது: 70 அளவு (11.5 சிசி) க்ளோ (சூடான ப்ளக் கம்பியால் பற்றும், மெத்தனாலில் ஓடும்) ஃபோர் ஸ்ட்ரோக், ஸ்கேல் (நிஜ விமானத்தின் சிறு உருவ) விமானம், 13x6 ப்ரொப்பெல்லர். தரையில் அருமையாக ஓடுகிறது. பறந்து மூன்று நான்கு நிமிடத்தில் சுருதி இறங்கி நின்றுபோகிறது.

கௌலின் முன்பக்கத்தில் இன்னொரு ஓட்டை போடத்தான் முதலில் கை போகும். தயவுசெய்து வேண்டாம். காற்று உள்ளே வருவது அநேகமாகப் பிரச்சினையே இல்லை, வெளியே போக வழியில்லாததுதான் பிரச்சினை.

முதலில் ஒரு சோதனை. கௌலைக் கழற்றி, அதன் எடைக்குச் சமமான ஈயத்தை மூக்கில் கட்டி (இல்லாவிட்டால் வால் கனத்துவிடும்) ஒரு முறை பறக்கவிடுங்கள். அப்போதும் சுருதி இறங்கினால் கௌல் மீது பழி போட முடியாது, எரிபொருள் பக்கம் தேட வேண்டும். நன்றாக ஓடினால் கௌல்தான்.

கௌல் என்றால், வெளியேறும் வாய் நுழையும் வாயைப் போல இரண்டிலிருந்து மூன்று மடங்கு இருக்க வேண்டும். முன்னால் 3 செ.மீ. விட்டத்தில் இரண்டு வட்டம் இருந்தால் மொத்தம் 14 சதுர செ.மீ. அப்படியானால் அடியில், ஃபயர்வாலை (இன்ஜினைப் பொருத்தியிருக்கும் பின்பலகையை) ஒட்டி, குறைந்தது 28, முடிந்தால் 40 சதுர செ.மீ. வெட்டுங்கள். சிலிண்டருக்கு நேரே இல்லாத வட்டத்தை உள்ளிருந்து பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி மூடிவிடலாம். காற்று சோம்பேறி, சுலபமான வழியில்தான் போகும். சிலிண்டரைச் சுற்றி நிறைய இடம் இருந்தால் ஃபின்களுக்குள் (சிலிண்டரைக் குளிர்விக்கும் மெல்லிய தகடுகளுக்குள்) நுழையாமல் பக்கவாட்டிலேயே நழுவிவிடும். ஃபின்களிலிருந்து 3 முதல் 5 மி.மீ. தள்ளி இரு பக்கமும் தடுப்பு வைத்தால் அந்தக் காற்று ஃபின் வழியாகப் போயே ஆக வேண்டும்.

கௌலுக்குள் இன்னொரு திருடன் உண்டு: எக்ஸாஸ்ட் குழாயைத் தொட்டுக்கொண்டு போகும் சிலிக்கோன் எரிபொருள் டியூப். உள்ளே எரிபொருள் கொதித்து ஆவிக்குமிழ் கிளம்பும். கலவை லீன் ஆகும், அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இல்லாமல் போகும். இறங்கிய உடனே கௌலைத் திறந்து டியூபைப் பாருங்கள். குமிழ் ஓடினால், டியூபைத் தள்ளிக் கட்டுங்கள். குமிழ் தரையிலேயே, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே தெரிந்தால் டியூபில் ஊசித்துளை, அல்லது அதிர்வில் டேங்க் நுரைக்கிறது. டேங்கைச் சுற்றி ஸ்பாஞ்ச் வையுங்கள், க்ளங்க் குழாயை (டேங்குக்குள் எரிபொருளை உறிஞ்சும், நுனியில் எடை உள்ள குழாயை) மாற்றுங்கள். அது இரண்டு ரூபாய் விஷயம், ஆனால் கடைசியில்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.

லீன் ஏன் இவ்வளவு ஆபத்து? மெத்தனால் ஆவியாகும்போது நிறைய வெப்பத்தை உறிஞ்சுகிறது. கூடுதலாகப் போகும் எரிபொருளே இந்த இன்ஜினுக்குப் பாதி ரேடியேட்டர். தவிர க்ளோ இன்ஜினில் பற்றவைக்கும் நேரத்தைச் சொல்ல யாரும் இல்லை. ப்ளக்கின் சூடும் கலவையும் அழுத்தமும்தான் தீர்மானிக்கின்றன. லீன் ஆனால் சீக்கிரம் பற்றும். சீக்கிரம் பற்றினால் சூடு ஏறும். சூடு ஏறினால் இன்னும் சீக்கிரம் பற்றும். தகர டப்பாவில் கல் குலுக்குவது போன்ற சத்தம் வந்தால் உடனே த்ராட்டிலை இறக்குங்கள். அந்த நிலையில் இன்ஜின் பின்னோக்கி உதைத்து ப்ரொப்பெல்லரையே கழற்றி எறியும். லாக் நட் (ப்ரொப்பெல்லர் நட் கழலாமல் பூட்டும் நட்) இல்லாமல் ஓட்டவே கூடாது.

நீடிலை (எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகை) டாகோமீட்டர் (சுழற்சி வேகமானி) வைத்து செட் செய்யுங்கள். முழு த்ராட்டிலில் உச்ச ஆர்.பி.எம். கண்டுபிடித்து, அங்கிருந்து 300 குறையும்வரை திறந்துவிடுங்கள். பிறகு, ஒருவர் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்து மூக்கை வானம் நோக்கித் தூக்கட்டும். சுருதி இறங்கினால் இன்னும் லீன். நண்பகல் வெயிலில் செட் செய்ததை மறுநாள் விடிகாலையில் அப்படியே ஓட்டாதீர்கள்: குளிர்ந்த காற்று அடர்த்தி, அதே நீடில் அப்போது லீன் ஆகிவிடும்.

எரிபொருளில் எண்ணெய் 18–20 சதவீதம், அதில் கொஞ்சமாவது விளக்கெண்ணெய் இருக்கட்டும். கார் மாடலுக்கான எரிபொருளில் எண்ணெய் குறைவாகவே இருக்கும், அதை ஊற்றாதீர்கள். நைட்ரோ (நைட்ரோமீத்தேன்) 10–15 சதவீதம் போதும்.

டேப்பெட்டையும் (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையிலான இடைவெளியை) விட்டுவிடாதீர்கள். இன்ஜின் ஆறிய பிறகு, கம்ப்ரஷன் முனையில் (பிஸ்டன் மேலே வந்து நிற்கும் இடத்தில்) இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது 0.04 மி.மீ. ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைய வேண்டும், 0.10 நுழையக் கூடாது. நட்டை இறுக்கிய பின் மறுபடி பாருங்கள், இறுக்கும்போது ஸ்க்ரூ சற்றே திரும்பியிருக்கும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இருக்கையில் உட்காரும்போதுதான் இறக்கி வைக்கிறது. இடைவெளியே இல்லையென்றால் உட்காராது, கருகும்.

ஏற்கெனவே பலமுறை சூடாகி நின்ற இன்ஜின் என்பதால், ப்ளக் பேட்டரியைக் கழற்றிவிட்டு ப்ரொப்பெல்லரைக் கையால் மெதுவாகத் திருப்பி, கம்ப்ரஷனில் நிறுத்திக் கேளுங்கள். சீறல் எக்ஸாஸ்டிலிருந்து வந்தால் வால்வு. கீழே ப்ரீதர் குழாயிலிருந்து (இன்ஜின் அடிப்பகுதியின் காற்றுப் போக்கிலிருந்து) வந்தால் பிஸ்டன் ரிங் போய்விட்டது.