அதே முகம், வேறு ஆள்

கேள்வி: ஹாலிவுட் நடிகர் ஜீன் ஹாக்மேனை 'விதவிதமான வேடங்களில் கலக்கியவர்' என்று எல்லாரும் எழுதுகிறார்கள். படத்துக்குப் படம் அதே முகம், அதே ஏறுநெற்றி. கெட்டப்பே மாற்றாத நடிகரிடம் என்ன வெரைட்டி?

பதில்: கெட்டப்பையும் வேடத்தையும் போட்டுக் குழப்பிக்கொண்டீர்கள். விக்கை மாற்றினால் தோற்றம் மாறும். ஆள் மாற வேண்டுமே!

'தி ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்' (1971) படத்தில் அவர் நியூயார்க் போலீஸ்காரர். போதைக் கடத்தல்காரன் கதகதப்பான ஓட்டலுக்குள் உட்கார்ந்து நிதானமாக விருந்து சாப்பிடுகிறான். எதிர்ச்சாரியில், குளிரில், ஹாக்மேன் நின்றுகொண்டே ஒரு துண்டு பீட்சாவைக் கடிக்கிறார். காபி வருகிறது. வாயில் வைக்க முடியவில்லை, நடைபாதையிலேயே கொட்டுகிறார். இவனை விடப்போவதில்லை என்கிற வெறி அந்தக் கொட்டலிலேயே தெரிந்துவிடுகிறது. சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் இந்த வேடத்துக்குத்தான்.

மூன்றே வருஷத்தில் இயக்குநர் கப்போலாவின் 'தி கான்வர்சேஷன்'. அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்வது தொழில். மாற்றம் என்று பார்த்தால் ஒரு மீசை, ஒரு கண்ணாடி, உள்ளே இருப்பது தெரிகிற மெல்லிய மழைக்கோட்டு. ஆனால், அங்கே தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு ஓடியவர் இங்கே தன் பிறந்தநாள் அடுத்தவருக்குத் தெரிந்துவிட்டதே என்று கூசிப்போகிறார். கடைசியில் தன் வீட்டிலேயே யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று சுவரையும் தரையையும் பெயர்க்கிறார். மாதா சிலைக்கு முன்னால் மட்டும் கை தயங்குகிறது. அப்புறம் அதையும் உடைக்கிறார். அவர் நடித்ததிலேயே உச்சம் அந்தத் தயக்கம்தான் என்பேன்.

நீங்கள் கேட்கிற கெட்டப்பும் அதே 1974இல் உண்டு. 'யங் ஃபிராங்கென்ஸ்டைன்' படத்தில் நீளத் தாடியோடு பார்வையற்ற துறவி. அரக்கனை விருந்தாளியாக உட்காரவைத்து, கொதிக்கும் சூப்பை அவன் மடியிலேயே ஊற்றுகிறார். தாடிக்காகவா சிரிக்கிறோம்? அந்த உபசரிப்பில் இருக்கும் உண்மையான அன்புக்காகத்தான்.

கலிஃபோர்னியாவின் பசடீனா நாடகப் பள்ளியில் ஹாக்மேனும், பின்னாளில் பெரிய நடிகரான டஸ்டின் ஹாஃப்மனும் தேறவே மாட்டார்கள் என்று சக மாணவர்கள் முடிவுகட்டியிருந்தார்கள். அதற்கும் முன்னால், 13 வயதில் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தபோது, அப்பா காரில் போகிற போக்கில் கையசைத்துவிட்டுக் குடும்பத்தை விட்டே போய்விட்டார். ஒரு சின்ன அசைவுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அன்றைக்குத் தெரியவில்லை என்று பின்னாளில் பேட்டியில் சொன்னார் ஹாக்மேன். பீட்சாவையும் மாதா சிலையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

எல்லாப் படமும் தேறும் என்று சொல்லமாட்டேன். சம்பளத்துக்காகச் செய்தவையும் இருக்கின்றன. 2004க்குப் பிறகு நடிக்கவே இல்லை. 2025 பிப்ரவரியில், 95 வயதில் காலமானார்.

ஒரே ஒரு படம் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் 'அன்ஃபர்கிவன்' (1992) பாருங்கள். இரண்டாவது ஆஸ்கர் வாங்கித் தந்த படம். துப்பாக்கியோடு ஊருக்குள் வந்தவனைத் தெருவில் போட்டு மிதிக்கிற ஷெரீஃப் அவர். தன் வீட்டைத் தானே கட்டுகிறார், தச்சுவேலை சுத்தமாக வரவில்லை. மழையில் கூரை ஒழுகுகிறது, வீடெங்கும் பாத்திரங்கள். தச்சனைத் தூக்கில் போட வேண்டியதுதான் என்று விருந்தாளி விளையாட்டாகச் சொல்கிறான். அந்த நொடியில் ஹாக்மேனின் கண்ணைப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.