ரிப்போர்ட் எல்லாம் நார்மல், ஆனாலும் நெஞ்சு படபடக்கிறது. இது மனப்பிரமையா?

பிரமை இல்லை. இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவே ஏழெட்டு மாதம் ஆனது. ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்ல, சும்மா டென்ஷன்" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த "சும்மா"தான் எரிச்சல். இங்கே நெஞ்சு திம்திம்மென்று அடிக்கிறது, அங்கே ஒன்றுமில்லையாம்.

ராத்திரி படுத்ததும் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, நொடிமுள்ளைப் பார்த்துக்கொண்டே எண்ணுவேன். 82. சரி, இன்னொரு தடவை. 91. மூன்றாவது தடவை 104. எண்ண எண்ணத்தான் ஏறுகிறது என்பது மட்டும் உறைக்கவேயில்லை.

இந்தச் சுழலை வைத்துத்தான் 1986இல் டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் பீதித் தாக்குதலை, அதாவது திடீரென்று பயம் பொங்கி உடம்பை ஆட்டிவைக்கும் பேனிக் அட்டாக்கை, விளக்கினார். உடம்பில் சின்னதாக ஒரு துடிப்பு. மனசு அதற்கு "ஹார்ட் அட்டாக்" என்று பெயர் வைத்துவிடுகிறது. பயத்தில் அட்ரினலின் சுரந்து துடிப்பு கூடுகிறது, கூடியதே சாட்சியாகிவிடுகிறது. மூச்சும் சேர்ந்து வேகமாகும். தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல்நுனி மரத்துப்போகும். அத்தனையும் நிஜம். நாம் வைக்கிற பெயர்தான் தப்பு.

மூளை உத்தரவு போடும், உடம்பு கேட்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் மூளையையும் இதயம், குடல் போன்ற உறுப்புகளையும் இணைக்கிற வேகஸ் நரம்பின் இழைகளில் சுமார் 80 சதவீதம், அந்த உறுப்புகளிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகிறவை.

எனக்கு வழிவிட்டது ஒரு சுழல் நாற்காலி. உளவியல் ஆலோசகர் என்னை அதில் உட்காரவைத்து ஒரு நிமிஷம் சுற்றவிட்டார். இறங்கும்போது தலை சுற்றல், வியர்வை, அதே படபடப்பு.

"இப்ப ஹார்ட் அட்டாக்னு தோணுதா?"

"இல்ல மேடம், சேர் சுத்துனதுதானே."

சொல்லி முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்றே புரிந்தது. அப்புறம் வீட்டில் பயிற்சி: நின்ற இடத்திலேயே ஓடுவது, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரா வழியாக மூச்சு விடுவது. பயப்படுகிற உணர்வை வேண்டுமென்றே வரவழைத்து, அது தானாக அடங்கும்வரை கூட இருப்பது. முதல் வாரம் கொடுமை. இரண்டு நாள் செய்ததாகப் பொய்கூடச் சொன்னேன்.

ஒன்று மட்டும்: இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. நெஞ்சுவலி வந்து கைக்கோ தாடைக்கோ பரவினால், மயக்கம் வந்தால், உளவியல் பேசாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

போன வாரம்கூட ராத்திரி அடித்துக்கொண்டது. விரல் பழக்கத்தில் மணிக்கட்டுக்குப் போனது. கையை எடுத்துத் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டேன். எத்தனை துடிப்பு என்று தெரியாது.