வேலை கேட்காமல் ஒரு ரிக்வெஸ்ட்

கேள்வி: டிப்ளமோ முடித்து மூன்று வருடமாக அம்பத்தூர் எஸ்டேட்டில் சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்) ஆபரேட்டராக இருக்கிறேன். டிசைன் பக்கம் போக ஆசை. ஒரகடம், மறைமலை நகர் கம்பெனிகளில் இருப்பவர்களுக்கு லிங்க்ட்இன்னில் 60 ரிக்வெஸ்ட் அனுப்பினேன். நாலு பேர்தான் ஏற்றார்கள். என்ன தப்பு?

பதில்: ரிக்வெஸ்டோடு நீங்கள் அனுப்பிய குறிப்பைப் பார்த்தேன். ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் நிறுவனத்தில் தகுந்த வேலை இருந்தால் தெரிவிக்கவும்.’ குறிப்போடு அனுப்பிய எல்லோருக்கும் இதே வரிதான். அதில் பெண்களும் இருந்திருப்பார்களே, அவர்களும் ஐயாதானா?

முன்பின் தெரியாத ஒருவரிடம் எடுத்த எடுப்பிலேயே வேலை கேட்டால் அவர் என்ன செய்வார்? ‘இக்னோர்’ பட்டன் பக்கத்திலேயே இருக்கிறது. இத்தனை பேர் இருக்க என்னை ஏன் தேடி வந்தார் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். இப்படி எழுதிப் பாருங்கள்:

‘வணக்கம் மேடம். அம்பத்தூரில் சிஎன்சி ஆபரேட்டர் நான். ஷாப் ஃப்ளோரிலிருந்து டிசைனுக்கு நீங்கள் மாறியதை உங்கள் ப்ரொஃபைலில் பார்த்தேன். நானும் அந்த வழியில் வர முயல்கிறேன். தொடர்பில் இருக்கலாமா?’

இலவசக் கணக்கில் குறிப்புக்கு 200 எழுத்துதான். மேலே உள்ளது அதற்குள் அடங்கும். தமிழில் எழுதினால் ஒரு விஷயம்: புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும், ‘நன்றி’ என்றாலே ஐந்து போய்விடும். எளிய ஆங்கிலத்திலும் எழுதலாம், பழைய லீவு லெட்டர் ஆங்கிலம் மட்டும் வேண்டாம். குறிப்போடு அனுப்புவதற்கும் மாதத்துக்கு ஒரு சிறு அளவுதான் உண்டு. ஆகவே ஆளைப் பார்த்துச் செலவழியுங்கள். உங்கள் பாலிடெக்னிக்கின் லிங்க்ட்இன் பக்கத்தில் முன்னாள் மாணவர் பட்டியல் இருக்கும். சீனியர்களிடமிருந்து தொடங்குவதுதான் சுலபம். நம்ம ஊரில் ‘உங்க ஜூனியர்’ என்ற சொல்லுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

மொபைலில் பரிந்துரைப் பட்டியலில் வரும் ‘கனெக்ட்’ பட்டனை அழுத்தினால் குறிப்பு கேட்காமலே போய்விடும். ஆளின் ப்ரொஃபைலுக்குள் போய் அனுப்புங்கள்.

குறிப்போடு உங்கள் பெயருக்குக் கீழே உள்ள வரியும் அவர் கண்ணில் படும். அங்கே ‘வேலை தேடுகிறேன்’ என்று போட்டிருக்கிறீர்கள். ‘சிஎன்சி மில்லிங், மூன்று வருடம், ஃபிக்ஸ்சர் டிசைன் கற்கிறேன்’ என்று மாற்றினால் நீங்கள் யார் என்று புரியும்.

ஏற்றுக்கொண்டதும் அடுத்த நிமிடமே ரெஸ்யூமைத் தள்ளிவிடாதீர்கள். நன்றி சொல்லி, இரண்டு வரியில் பதில் தரக்கூடிய ஒரு கேள்வி கேளுங்கள். டிசைன் சாஃப்ட்வேர் பற்றியே கேட்கலாம்: ‘உங்கள் பிரிவில் கேட்டியாவா, சாலிட்வொர்க்ஸா? முதலில் எதைக் கற்கலாம்?’ இந்த மாதிரிக் கேள்விக்குப் பிஸியான ஆளும் பதில் போட்டுவிடுவார். வேலைப் பேச்சு அப்புறம் வரட்டும்.

சரி, பதில் வராமல் கிடக்கும் அந்த ரிக்வெஸ்டுகள்? ‘அனுப்பியவை’ பட்டியலில் போய்த் திரும்பப் பெறுங்கள். அதே ஆளுக்கு மறுபடி அனுப்ப மூன்று வாரம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். ஏற்ற அந்த நாலு பேரிடமும் இதுவரை ஒரு வார்த்தை பேசினீர்களா? இன்றைக்கே அங்கிருந்து தொடங்குங்கள்.