ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்: இதயம் நின்றுபோவது பற்றிக் கேள்வி பதில்

கோலாலம்பூரில் ஆம்புலன்ஸிலும் அவசரப் பிரிவிலும் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் 'டிரெசர்' என்பார்கள், அதுவும் சரிதான். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோவதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். முழங்கால் வலிக்கும் முடி உதிர்வதற்கும் நான் ஆள் இல்லை.

செந்தூல்காரர்: ஐயா, நம் ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது? எப்போதோ ஒருவருக்கு நடப்பதுதானே?

எப்போதோ நடப்பது இல்லை. 2010இல் உலகம் முழுவதும் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் பெரியவர்களில் ஏறத்தாழ 55 பேருக்கு, இதயக் கோளாறு காரணமாக, மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோகிறது என்பது சராசரி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கோலாலம்பூரில் இருபது லட்சத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள் இருந்தார்கள். பிள்ளைகளைக் கழித்து அந்தச் சராசரியைப் போட்டால் ஆண்டுக்கு எண்ணூறுக்கு மேல் வரும், அதாவது நாளுக்கு இரண்டு பேருக்குக் குறையாமல். கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதையும் சேர்த்தால் நாளுக்கு ஒன்பது பத்து. பினாங்கு மாநிலத்துக்கு நாளுக்கு இரண்டு.

இது உட்கார்ந்து போட்ட கணக்குதான், ஆளை எண்ணியது அல்ல. ஆனால் ஆளை எண்ணும் சிங்கப்பூரிலும் அறுபது லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 என்றுதான் வருகிறது. ஆகவே நம் கணக்கு வானத்திலிருந்து விழுந்தது இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். "ராத்திரி தூக்கத்திலேயே போய்விட்டார்" என்று எத்தனை துக்க வீடுகளில் கேட்டிருப்பீர்கள்? அங்கே யாரும் அவசர உதவி எண்ணான 999ஐ அழைப்பதில்லை. காலையில் போலீசில் சொல்லி, அடக்கம் செய்ய அனுமதி வாங்கி, காரியத்தை முடித்துவிடுகிறார்கள். அவர்களில் பலர் ஆம்புலன்ஸ் பதிவேட்டில் ஏறுவதே இல்லை.

பட்டர்வொர்த் ஆசிரியை: மாரடைப்பு என்பதும் இதுதானே ஐயா?

இல்லை அம்மா. மாரடைப்பில் இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுகிறது. ஆள் வியர்ப்பார், நெஞ்சைப் பிடிப்பார், பேசுவார். இதயம் நிற்கும்போது, பல சமயம் கீழறைகள் துடிப்பதை விட்டு நடுங்க ஆரம்பிக்கின்றன, ரத்தம் மூளைக்குப் போவதில்லை, சில நொடிகளில் ஆள் சாய்ந்துவிடுவார். முதலாவது இரண்டாவதில் போய் முடியலாம். இந்த வேறுபாட்டை மறக்காதீர்கள், கீழே இதற்காகவே ஒரு சண்டை வரப்போகிறது என்று தோன்றுகிறது.

ஜெலுத்தோங் மருமகள்: மாமனார் நாற்காலியில் சாய்ந்து பெரிதாகக் குறட்டை விட்டார். தூங்குகிறார் என்று விட்டுவிட்டோம். அதற்குப் பிறகு எழவே இல்லை. குறட்டை வந்தால் மூச்சு இருக்கிறது என்றுதானே பொருள்?

சகோதரி, உங்கள் மீது தவறில்லை. இதைப் பார்த்து ஏமாறாத குடும்பமே குறைவு. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலரிடம் ஒருவிதமான இழுப்பு வரும். வாய் திறந்து திறந்து மூடும், தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும், இரண்டு இழுப்புக்கு நடுவே நீண்ட இடைவெளி இருக்கும். அது மூச்சு இல்லை. மூளையின் அடிப்பகுதி கடைசியாக அனுப்பும் அனிச்சைச் செயல். தொலைபேசியில் "மூச்சு இருக்கிறதா?" என்று கேட்டால் வீட்டார் "இருக்கிறது" என்கிறார்கள், அங்கேயே பொன்னான நிமிடங்கள் போய்விடுகின்றன. தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் இயல்பாக இல்லை என்றால் போதும், நாடி பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். 999ஐ அழைத்து, தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து ஆறு சென்டிமீட்டர் ஆழம். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுதாக மேலே எழும்பட்டும்.

அம்பாங் அப்பா: தனியாக இருக்கும்போது நெஞ்சு வலித்தால் பலமாக இருமினால் பிழைக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது.

முடியாது. அந்தச் செய்தியை அழியுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் கடை: ஆஸ்பிரின்?

நினைவோடு இருக்கும் நெஞ்சுவலிக்காரருக்கு, 999இல் சொன்னால் மட்டும். விழுந்து கிடப்பவர் வாயில் மாத்திரை, தண்ணீர், இஞ்சிச்சாறு எதையும் ஊற்றாதீர்கள்.

கெப்போங் கார்: அண்ணே, கோபித்துக்கொள்ள வேண்டாம். மாலை ஆறு மணிக்கு ஜாலான் தூன் ரசாக் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? நான் கார் ஓட்டிப் பிழைப்பவன். ஆள் விழுந்தால் பின் இருக்கையில் கிடத்தி, குறுக்கு வழியில் பத்து நிமிடத்தில் மருத்துவமனை வாசலில் விடுவேன். 999 போட்டால் முதலில் போலீசா, பொம்பாவா (தீயணைப்புப் படையா), மருத்துவமனையா என்று ஒருவர் கேட்பார், பிறகு இன்னொருவரிடம் மாற்றுவார்கள். அதற்குள் நான் பாதி தூரம் போயிருப்பேன்.

தம்பி, சண்டை வரும் என்று சொன்னேன் அல்லவா. இதயம் நின்றவருக்கு, யாரும் நெஞ்சை அழுத்தாத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் ஏழு முதல் பத்து விழுக்காடு கழிந்துகொண்டே போகும். உங்கள் பத்து நிமிடத்தோடு தூக்குவது, மின்தூக்கிக்குக் காத்திருப்பது, காரில் ஏற்றுவது எல்லாவற்றையும் கூட்டுங்கள். பின் இருக்கையில் மெத்தைமேல் கிடப்பவரை அழுத்தவே முடியாது, ஆளோடு மெத்தையும் சேர்ந்து அமுங்கும். நீங்கள் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் வாசலில் இறக்கும்போது கணக்கில் மிச்சம் எதுவும் இருக்காது.

கெப்போங் கார்: எங்கள் பெரியப்பாவை அப்படித்தான் காப்பாற்றினோம்.

காரில் உங்களோடு பேசிக்கொண்டு வந்தாரா?

கெப்போங் கார்: வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார்.

அப்படியென்றால் அவர் இதயம் துடித்துக்கொண்டுதான் இருந்தது. நான் பேசுவது திட்டாதவர்களைப் பற்றி.

ஓய்வில்லாத தாதி: டிரெசர் ஐயா சொல்வதற்கு நான் சாட்சி. அவசரப் பிரிவு வாசலில் கார் வந்து நிற்கும், கதவைத் திறந்தால் உதடு நீலம் பாரித்திருக்கும். ஆனால் தம்பி சொல்வதையும் ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். நெஞ்சுவலியோடு நினைவாக இருப்பவர், ஆம்புலன்ஸ் எப்போது வரும் என்றே தெரியாவிட்டால் என்ன செய்வார்?

நினைவாக இருப்பவருக்கும் ஆம்புலன்ஸே முதல் வழி, தாதி அம்மா. வழியில் இதயம் நின்றால் அதிர்ச்சி கொடுக்கும் கருவி அதில் இருக்கிறது, காரில் இல்லை. 999இல் பேசும்போதே "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேளுங்கள். மிகவும் தாமதம் என்று அவர்களே சொன்னால் வேறொருவர் ஓட்டட்டும். நோயாளி மட்டும் தானே ஓட்டக்கூடாது. என் எரிச்சல் எல்லாம், விழுந்து கிடப்பவரை மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்துத்தான்.

செராஸ் 14ஆம் மாடி: ஆம்புலன்ஸ் வந்தாலும் எங்கள் கொண்டோவில் ஜாகா (காவலாளி) தடுப்புக் கட்டையைத் தூக்காமல் பெயரும் வீட்டு எண்ணும் எழுதச் சொல்வார். அதற்குப் பிறகு இரண்டு மின்தூக்கியில் ஒன்று பழுது. கெப்போங் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஜாகாவைப் பற்றிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது, காரைப் பற்றிச் சொல்வதில் இல்லை. உயர்மாடியைப் பற்றி கனடாவின் டொரோண்டோவில் ஆய்வு செய்து 2016இல் வெளியிட்டார்கள். மூன்றாம் மாடிக்குக் கீழே இதயம் நின்றவர்களில் 4.2 விழுக்காட்டினர் பிழைத்து வீடு திரும்பினார்கள். மூன்றாம் மாடியிலும் அதற்கு மேலும் 2.6. பதினாறாம் மாடிக்கு மேலே ஒரு விழுக்காடுகூட இல்லை. இருபத்தைந்துக்கு மேலே ஒருவரும் பிழைக்கவில்லை. ஆம்புலன்ஸ் கட்டட வாசலுக்கு வந்துவிட்டது, ஆளிடம் வரவில்லை, அவ்வளவுதான். நம் நகரமோ ஆண்டுக்கு ஆண்டு மேல்நோக்கி வளர்கிறது. பத்தில் ஏழு சம்பவங்கள் வீட்டில்தான் நடக்கின்றன என்று பல ஊர்களின் பதிவுகள் காட்டுகின்றன. ஆகவே பதினான்காம் மாடியில் முதலில் வரும் ஆள் நீங்கள்தான். உங்கள் நிர்வாகக் கூட்டத்தில் வாகன நிறுத்துமிடத்தைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்: அவசர வண்டிக்குக் கட்டை உடனே தூக்கப்பட வேண்டும், ஒரு ஜாகா மின்தூக்கியைத் தரைத்தளத்தில் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

செராஸ் 14ஆம் மாடி: இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி வாங்கச் சொன்னேன். செலவு என்றார்கள். உண்மையிலேயே பயன் உண்டா?

அமெரிக்காவின் லாஸ் வேகஸில் சூதாட்ட விடுதிக் காவலாளிகளுக்கு அதைப் பழக்கிக் கொடுத்தார்கள். முடிவு 2000இல் வெளிவந்தது. இதயம் நடுங்கும் நிலையில் விழுந்த 105 பேரில் 53 விழுக்காட்டினர் பிழைத்தார்கள், மூன்று நிமிடத்துக்குள் அதிர்ச்சி கிடைத்தவர்களில் 74 விழுக்காடு. மருத்துவர் யாரும் இல்லை, நம் ஜாகா போன்ற ஆட்கள்தான். நம் ஆசியப் பக்கத்தையும் பாருங்கள். மலேசியா உட்பட ஏழு ஆசிய நாடுகள் சேர்ந்த ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. பக்கத்தில் இருந்தவர் நெஞ்சை அழுத்தியது நாட்டுக்கு நாடு 10.5 முதல் 40.9 விழுக்காடு. பொதுமக்கள் கருவியைப் பயன்படுத்தியது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. வாங்கி அலுவலக அறையில் பூட்டி வைப்பதென்றால் வாங்காதீர்கள், அந்தப் பணத்தில் சாயம் அடியுங்கள். இரவு இரண்டு மணிக்கும் எடுக்க முடிகிற இடத்தில், ஜாகா இருக்கும் இடத்தில் வையுங்கள்.

பூச்சோங் பாட்டி: இருமினால் பிழைக்கலாம் என்று பேரன் அனுப்பினான்…

மேலே பதில் இருக்கிறது, அம்மா. பேரனுக்கும் அனுப்புங்கள்.

ஆயர் ஈத்தாம் தம்பி: பெண்ணாக இருந்தால் தொடலாமா? விலா எலும்பு உடைந்தால் வழக்குப் போடுவார்களா?

தொடலாம், தொட வேண்டும். பெண்கள் விழுந்தால் பக்கத்தில் நிற்பவர்கள் தயங்குகிறார்கள், அதனால் அவர்களுக்கு உதவி குறைவாகக் கிடைக்கிறது. விலா எலும்பு உடையத்தான் செய்யும், அது ஆறும். வழக்கைப் பற்றி வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கிள்ளான் அக்கா: கொழுப்புக்குப் பூண்டு நல்லதா?

அரசு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நீரிழிவையும் சேர்த்துப் பாருங்கள், நம் சமூகத்தில் அது அதிகம்.

நீச்சல் குளம்: பிள்ளைகளுக்கும் அழுத்தினால் மட்டும் போதுமா?

போதாது. பிள்ளைகளுக்கும் நீரில் மூழ்கியவர்களுக்கும் பெரும்பாலும் மூச்சுதான் முதலில் நிற்கிறது. வாயோடு வாய் வைத்து ஊதவும் வேண்டும். இதை எழுத்தில் கற்க முடியாது, செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அல்லது செம்பிறைச் சங்க வகுப்புக்குப் போங்கள்.

புக்கிட் ஜாலில்: அண்ணே, இருமல் வைத்தியம்…

இல்லை.

கெப்போங் கார்: அண்ணே, நான் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். வீட்டில் நானும் அவரும் மட்டும் இருந்தால் எவ்வளவு நேரம் அழுத்துவது? கை ஓய்ந்துவிட்டால்?

இரண்டு நிமிடத்திலேயே கை தளரும், ஆழம் குறைவது உங்களுக்கே தெரியாது. இருவர் இருந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாறுங்கள். தனியாள் என்றால் முழங்கையை மடக்காமல், தோள் பாரத்தை இறக்கி அழுத்துங்கள். அவர் இயல்பாக மூச்சுவிட்டு அசைகிற வரை, அல்லது ஆம்புலன்ஸ்காரர் உங்கள் தோளைத் தொடுகிற வரை விடாதீர்கள். முட்டி போடுவதற்கு முன்பே வாசல் இரும்புக் கதவின் பூட்டைத் திறந்துவிடுங்கள். நாங்கள் வெளியே நின்று மணியடிக்க, உள்ளே ஒருவர் அழுத்துவதை விட்டுவிட்டுச் சாவியைத் தேடுவார்.