‘கே-ஆன்!’ அனிமேயில் உண்மையிலேயே எதுவும் நடக்கவில்லையா?

கேள்வி: பள்ளி இசைக் கிளப்பில் குழு நடத்தும் மாணவிகளின் கதையான ‘கே-ஆன்!’ என்ற அனிமே (ஜப்பானிய அசைபட) தொடரை ஒரு கூட்டம் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. இன்னொரு கூட்டம், ‘அஞ்சு பொண்ணுங்க டீ குடிக்கிறாங்க, கேக் சாப்பிடறாங்க, அதுக்கு மேல ஒண்ணுமில்ல’ என்று கை கழுவுகிறது. யார் சொல்வது சரி? பார்ப்பதாக இருந்தால் எப்படிப் பார்க்கலாம்?

பதில்:

சண்டை போடும் இரண்டு தரப்பும் பெரும்பாலும் வேறு வேறு சீசன்களை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அதை முதலில் பிரித்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். இரண்டாம் சீசனின் கதைப்போக்கு கீழே வெளிப்படும். தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் கடைசியில் இருக்கும் பார்க்கும் வரிசையை மட்டும் படித்துக்கொள்ளலாம்.

முதல் சீசன் 2009 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒளிபரப்பானது. தொலைக்காட்சியில் 13 எபிசோடுகள் (12இல் முக்கியக் கதை, ஒன்று உபரி), 14ஆவது எபிசோடு டிஸ்க்கில் மட்டும் வந்தது. இரண்டாம் சீசன் 2010 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓடியது. 24 எபிசோடுகளில் முக்கியக் கதை, கூடவே மூன்று உபரி எபிசோடுகள். திரைப்படம் 2011 டிசம்பர் 3 அன்று வெளியானது. மூன்றையும் எடுத்தது கியோட்டோ அனிமேஷன். இயக்கம் நவோகோ யமாடா. முதல் சீசன் வந்தபோது அவருக்கு வயது 24, தொடர் இயக்குநராக அதுதான் முதல் வேலை. திரைக்கதைப் பொறுப்பு ரெய்கோ யோஷிடாவுடையது.

இப்போது கணக்கைப் பாருங்கள். முதல் சீசனின் 12 எபிசோடுகளில் கிளப்பின் முதல் நால்வரான யுய், மியோ, ரிட்சு, முகி ஆகியோரின் முதல் இரண்டு பள்ளி ஆண்டுகள் பறந்துவிடுகின்றன. மூன்றாம் ஆண்டு ஒன்றுக்கே அடுத்த சீசனில் 24 எபிசோடுகள். ஓர் ஆண்டுக்கு ஆறு எபிசோடு என்றிருந்தது 24 ஆகிறது, அதாவது வேகம் நான்கில் ஒன்றாகக் குறைகிறது. மூலமான காகிஃப்ளையின் மாங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) நான்கு கட்டத் துணுக்குகளால் ஆனது. இரண்டு சீசனும் ஆளுக்கு இரண்டு தொகுதிகளைத்தான் எடுத்துக்கொண்டன. அப்படியென்றால் இரண்டாவதில் கூடிய நேரம் முழுவதும் அனிமே குழு தானாகச் சேர்த்தது. ‘இழுத்துவிட்டார்கள்’ என்று ஒரு தரப்பு சொல்வதும், ‘அப்போதுதான் தொடருக்கு உயிர் வந்தது’ என்று மறுதரப்பு சொல்வதும் இதே விஷயத்தைத்தான். நான் இரண்டாம் தரப்பு.

முதல் சீசன்மேல் வைக்கப்படும் குறைகளில் நியாயம் இருக்கிறது. மாங்காவில் நான்கு கட்டத்தில் டக்கென்று வெடிக்கும் துணுக்கு, அனிமேயில் இரண்டு நிமிடம் நீளும்போது சில இடங்களில் சப்பென்று போகிறது. கிளப்பைக் கவனிக்கும் சவாகோ டீச்சர் பெண்களுக்கு வேஷம் கட்டிப் பார்க்கத் துடிக்கும் நகைச்சுவை இன்றைக்குப் பழசாகிவிட்டது, அப்போதே பலருக்கு நெருடியது. பிரச்சினைகளும் மிக எளிதாகத் தீர்கின்றன. இரண்டாம் எபிசோடில் யுய் ஆசைப்படும் கிப்சன் லெஸ் பால் கிட்டாரின் விலை 2,50,000 யென். போக்குவரத்து எண்ணும் பகுதிநேர வேலையெல்லாம் செய்கிறார்கள், தொகை எட்டவில்லை. கடைசியில் கடையே முகியின் குடும்பத்தாருடையது என்று தெரிகிறது, விலை 50,000 ஆக இறங்குகிறது, கதை முடிந்தது. ‘இதில் என்ன சிக்கல் இருக்கிறது?’ என்று கேட்பவரிடம் பதில் சொல்வது கஷ்டம்.

ஆனால் ‘பயிற்சியே செய்வதில்லை’ என்ற புகார் கொஞ்சம் வேடிக்கையானது. அதைத் தொடரே ஒரு கதாபாத்திரத்தின் வாயில் வைத்துவிட்டது. எட்டாம் எபிசோடின் கடைசியில் கிளப்பில் சேர வரும் ஜூனியர் மாணவி அசுசா, ஒன்பதாம் எபிசோடு முழுக்க அதையே கேட்கிறாள்: ஏன் எப்போதும் டீ, எப்போது வாசிப்பீர்கள்? அவளுக்குக் கிட்டார் நன்றாக வரும், வெளியே வேறு குழுக்களையும் போய்க் கேட்கிறாள். அவர்களெல்லாம் திறமைசாலிகள்தான், ஆனாலும் இந்தச் சோம்பேறிகளின் மேடை வாசிப்பில் தனக்குப் பிடித்தது என்ன என்று புரியாமல் அழுதுவிடுகிறாள். மியோ சொல்லும் பதில் எளிமையானது: இவர்களோடு வாசிக்கப் பிடித்திருக்கிறது. இந்தப் பதிலை ஏற்பவர்கள் தொடரில் தங்குவார்கள், ஏற்காதவர்கள் இந்த இடத்தில் விலகிவிடலாம். தொடர் அதற்குமேல் வாதாடுவதில்லை.

பயிற்சி இல்லாததன் விளைவுகளையும் அது மறைக்கவில்லை. மூன்றாம் எபிசோடில் மறுதேர்வுக்கு விழுந்து விழுந்து படித்த யுய் நூற்றுக்கு நூறு வாங்குகிறாள், கிட்டாரில் கற்ற கார்டுகளையெல்லாம் (chords) மறந்துவிடுகிறாள். 11ஆம் எபிசோடில் அவளுடைய கிட்டாரை எடுத்துப் பார்த்தால் கம்பிகள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. ‘கீட்டா’ என்று செல்லப்பெயர் வைத்து, பக்கத்தில் படுக்கவைத்துத் தூங்கியவள் ஒருமுறைகூடத் துடைத்ததில்லை, கம்பி மாற்றியதில்லை. வாசித்து முடித்ததும் கம்பியில் ஒட்டிய வியர்வையைத் துணியால் துடைக்காவிட்டால் துருவேறும், சுருதி நிற்காது என்பது கிட்டார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு அந்தக் காட்சியில் சிரிப்பு இரண்டு மடங்கு.

நகைச்சுவை எங்கே இருக்கிறது என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. வசனத்தில் தேடுபவர்களுக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும். பெரும்பகுதி உடலசைவிலும் காட்சி வெட்டிலும் இருக்கிறது. ஆறாம் எபிசோடில் பள்ளி விழா மேடையில் பாடி முடித்த மியோ ஒயரில் தடுக்கிக் குப்புற விழுகிறாள். பாவாடை விலகிவிட்டது என்பது பார்வையாளருக்குத் தெரியவேண்டும். திரையில் வருவதோ ஒரு சோற்றுக் கிண்ணம், நீலப்பட்டை போட்டது. அவ்வளவுதான். மலிவாகப் போயிருக்கவேண்டிய ஓரிடத்தை அந்த ஒரு வெட்டு காப்பாற்றுகிறது. யமாடா முகத்தைவிடக் கால்களைக் காட்டியே மனநிலையைச் சொல்பவர். தயங்கும் பாதம், ஒன்றோடொன்று உரசும் காலணி, மேசைக்கடியில் ஆடும் கால். இந்தப் பழக்கத்தைக் கிண்டலடிக்கும் ரசிகர்களும் உண்டு. ஆனால் 2016இல் அவரும் யோஷிடாவும் சேர்ந்து செய்த ‘எ சைலன்ட் வாய்ஸ்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு, அந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று இங்கே தெரியும்.

சரி, ‘எதுவும் நடக்கவில்லை’ என்ற பெரிய குற்றச்சாட்டுக்கு வருவோம். இரண்டாம் சீசனில் ஒரு சங்கிலி இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் தொடர் வேறாகத் தெரியும்.

முதல் எபிசோடில் நால்வரும் மூன்றாம் ஆண்டுக்கு வருகிறார்கள். அசுசா இரண்டாம் ஆண்டு. புது மாணவர்களை இழுக்க ஓடித் திரிகிறார்கள், யாரும் சேரவில்லை. ஐந்து பேராகவே இருந்துவிடலாம் என்று யுய் சொல்வது அசுசா காதில் விழுகிறது. அவளும் இந்த ஆண்டு இப்படியே இருக்கட்டும் என்கிறாள். இனிப்பான முடிவு, ஆனால் கணக்குத் தெரிந்தவர்களுக்கு அங்கேயே உறைக்கும்: அடுத்த ஆண்டு நால்வரும் போய்விடுவார்கள், அவள் ஒருத்திதான் மிச்சம். இரண்டாம் எபிசோடில் கிளப் அறையைச் சுத்தம் செய்யும்போது சவாகோவின் பழைய கிட்டார் கிடைக்கிறது. விற்றால் 5,00,000 யென். ரிட்சு டீச்சரிடம் 10,000 என்று பொய் சொல்லி, ரசீதோடு மாட்டிக்கொள்கிறாள். எல்லோருக்கும் நினைவிருப்பது இந்தக் கூத்துதான். அதே எபிசோடில் அவர்கள் ஒரு பன்றிமூக்கு ஆமையை வாங்கி அறையில் வைக்கிறார்கள், பெயர் டொன்-சான். எதற்காக? அசுசாவுக்கு ஒரு ‘ஜூனியர்’ வேண்டுமே. சிரிப்புக்குள் சுருட்டி வைத்த கவலை அது. ஆமைத் தொட்டி பிறகு அந்த அறையின் பின்னணியில் இருந்துகொண்டே இருக்கும்.

நடுவில் வரும் சில எபிசோடுகள் உண்மையிலேயே காற்று வாங்குகின்றன. 11ஆவதில் வெயில் தாங்கவில்லை என்பதுதான் மொத்தப் பிரச்சினையும். இவற்றை ரசிப்பது அவரவர் பொறுமையைப் பொறுத்தது, இதில் யாரையும் வற்புறுத்த முடியாது.

20ஆம் எபிசோடு கடைசிப் பள்ளி விழா. கச்சேரி அமோகமாக முடிகிறது. மாலை வெளிச்சத்தில் ஐந்து பேரும் அறைச் சுவரில் சாய்ந்து, களைப்போடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று பேச்சு ஓடுகிறது: கிறிஸ்துமஸ், புத்தாண்டு, அதற்கப்புறம் புது மாணவர்கள், அதற்கப்புறம் அடுத்த விழா. அடுத்த விழா நமக்கு இல்லை என்று ஒருவர் சொல்லவேண்டி வருகிறது. பட்டியல் சுவரில் முட்டி நிற்கிறது, அழுகை வருகிறது. யாரும் சாகவில்லை, யாரும் பிரியக்கூட இல்லை. நால்வரும் பின்னால் ஒரே பல்கலைக்கழகத்தில்தான் சேர்கிறார்கள். ‘இதற்கா இவ்வளவு அழுகை?’ என்று கேட்பவர்களும் உண்டு. 19 எபிசோடுகளாக மெதுவாக நகர்ந்த நேரம் திடீரென்று தீர்ந்துபோவதுதான் அங்கே நடக்கும் சம்பவம். முதல் சீசன் வேகத்தில் எடுத்திருந்தால் இந்தக் காட்சி எடுபட்டிருக்காது. 24ஆவதில் நால்வரும் அசுசாவுக்காக எழுதிய பாட்டை வாசிக்கும்போது, முதல் எபிசோடில் எடுத்த முடிவின் விலை அவள் முகத்தில் தெரிகிறது.

அண்மைக்காலச் சண்டை ‘போச்சி தி ராக்!’ (2022) அனிமே வந்தபிறகு கிளம்பியது. இரண்டுக்கும் மூலம் கிராரா என்ற மாங்கா இதழ்க் குடும்பத்தில் வந்த நான்கு கட்ட மாங்காக்கள், இரண்டும் பெண்கள் இசைக்குழுக் கதை. பெயர் வைத்த விதம்கூட ஒன்றுதான்: இங்கே ஐவரின் குடும்பப் பெயர்கள் பி-மாடல் என்ற ஜப்பானிய இசைக்குழுவினருடையவை, அங்கே நால்வருடையவை ஏஷியன் குங்-ஃபூ ஜெனரேஷன் என்ற ஜப்பானிய ராக் குழுவினருடையவை. ஆனால் போச்சியில் மேடையேற டிக்கெட் விற்றாகவேண்டும். அதன் நாயகி ஹிதோரி தன் பங்கான ஐந்து டிக்கெட்டை விற்கத் திணறுவதிலேயே ஒரு கதை ஓடுகிறது. இங்கே பணம், போட்டி, தோல்வி எதுவும் அழுத்துவதில்லை, காலண்டர் மட்டும்தான் அழுத்துகிறது. போச்சியைப் பார்த்த சூட்டோடு இதைத் தொடங்குபவர்கள் பாதியில் விடுவதற்குக் காரணம் இதுதான். இடையில் வேறெதையாவது பார்த்துவிட்டு வாருங்கள்.

பார்க்கும் வரிசை: முதல் சீசன், இரண்டாம் சீசன், கடைசியில் படம். படத்தில் லண்டன் பயணம் இருப்பதால் தனிக்கதை என்று நினைத்து முதலில் பார்த்துவிடுகிறார்கள், அது தப்பு. இரண்டாம் சீசனின் 24ஆம் எபிசோடில் வரும் அந்தப் பாட்டு எப்படி உருவானது என்பதுதான் படத்தின் முதுகெலும்பு. முதலில் பார்த்தால் இரண்டுமே கெட்டுவிடும்.

முதல் சீசன் முழுவதும் பொறுமையில்லை என்றால் 1, 2, 6, 8, 9, 12 போதும். ஒன்றையும் பன்னிரண்டையும் விடவேண்டாம். முதல் எபிசோடில் மணியைத் தப்பாகப் பார்த்துவிட்டு யுய் பள்ளிக்கு ஓடும் அதே வழியில், 12ஆவதில் வீட்டில் மறந்துவைத்த கிட்டாரை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். இரண்டு ஓட்டத்தையும் பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும். இரண்டாம் சீசனில் எதையும் தாண்டவேண்டாம், ஆனால் ஒரே மூச்சிலும் பார்க்கவேண்டாம். ஆறேழு எபிசோடுகளை ஒரே இரவில் பார்த்தால் எல்லாம் ஒரே டீ விருந்தாகக் கலந்துவிடும், மெதுவான நடைதான் எரிச்சலாக மாறும். நாளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கும். 2010 ஏப்ரலில் முதல் எபிசோடைப் பார்த்தவர்கள் வாரத்துக்கு ஒன்றாக அரை ஆண்டு அதோடு இருந்தார்கள், தொடர் அந்த வேகத்துக்காகச் செய்யப்பட்டது. 25, 26ஆம் எபிசோடுகள் முடிவுக்கு முன்பு நடப்பவை, அதனால் அவற்றை 24க்கு அடுத்த நாள் பார்ப்பது நல்லது. உடனே போட்டால் முடிவின் கனம் குறைந்துவிடும்.

பின்னணியைக் கவனிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பள்ளிக் கட்டடம் ஷிகா மாவட்டம் டொயோசாடோவில் 1937இல் கட்டப்பட்ட பழைய தொடக்கப்பள்ளியை அடியொற்றியது. மாடிப்படிக் கைப்பிடியில் முயலும் ஆமையும் உலோகச் சிலைகளாக உட்கார்ந்திருக்கும், தொடரிலும் அப்படியே வரும்.

எல்லாம் பார்த்து முடித்தபின் மாங்கா தேவையா என்று கேட்டால், முதல் நான்கு தொகுதிகளை நகைச்சுவைக்காகப் படிக்கலாம், அனிமேயைவிடக் காரம் அதிகம். அதன்பின் 2011இல் தொடங்கிய இரண்டு தொகுதிகளில் ஒன்று நால்வரின் கல்லூரி வாழ்க்கையைச் சொல்கிறது, மற்றொன்று பள்ளியில் புதுக் குழு சேர்க்கும் அசுசாவைச் சொல்கிறது. கல்லூரித் தொகுதியை விட்டுவிட்டாலும் இழப்பில்லை, அசுசாவுடையதைப் படியுங்கள்.