கேள்வி–பதில்: நீண்ட ஆங்கிலச் சொற்களைப் பிரித்துப் படிப்பது எப்படி?

கேள்வி: ஆங்கில அகராதியிலேயே நீளமான சொல் ஒரு நுரையீரல் நோயின் பெயராமே? அதற்கு என்ன பொருள்?

பதில்: நியூமோனோ–அல்ட்ரா–மைக்ரோஸ்காபிக்–சிலிகோ–வால்கேனோ–கோனி–ஓசிஸ். துண்டு துண்டாக எண்ணினால் 8, 5, 11, 6, 7, 4, 4 எழுத்துகள், மொத்தம் 45. முதல் எழுத்தான 'பி' ஒலிக்காது. நியூமோனோ என்பது நுரையீரல். அல்ட்ரா மைக்ரோஸ்காபிக் என்றால் நுண்ணோக்கியின் கண்ணுக்கும் தப்பும் அளவுக்குச் சிறியது. சிலிகோ மணலில் உள்ள சிலிக்கா, வால்கேனோ எரிமலை, கோனி தூசி, ஓசிஸ் நோய்நிலை. எரிமலையின் மிக நுண்ணிய சிலிக்கா தூசியைச் சுவாசித்து வரும் நுரையீரல் நோய், அவ்வளவுதான்.

இது மருத்துவர்கள் வைத்த பெயர் அல்ல. அமெரிக்காவில் புதிர் ஆர்வலர்களின் தேசியச் சங்கத்துக்குத் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித் 1935-இல் நீளத்துக்காகவே கட்டிய சொல். மருத்துவர்கள் 'சிலிகோசிஸ்' என்றே எழுதுவார்கள். மனப்பாடம் செய்ய விரும்பினால் செய்யுங்கள். ஆனால் இதில் உண்மையில் கைகொடுப்பது கடைசி இரண்டு துண்டுகள்தான். நிலக்கரித் தூசியால் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரும் நோய் உள்ளிட்ட தூசி நோய்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயரான 'நியூமோகோனியோசிஸ்' இவற்றால்தான் முடிகிறது.

கேள்வி: மருத்துவமனை அறிக்கைகளில் எக்டமி, ஆட்டமி, ஆஸ்டமி என்று வருகின்றன. மூன்றும் டி-ஓ-எம்-ஒய் என்றே முடிவதால் குழப்பமாக இருக்கிறது. எப்படிப் பிரித்தறிவது?

பதில்: பலரும் தடுமாறும் இடம் இது. தவறாகப் படித்தால் பொருள் தலைகீழாகிவிடும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

'டமி'க்கு முன்னால் நிற்கும் எழுத்தைப் பாருங்கள். 'இ-சி' நின்றால் எக்டமி: வெட்டி வெளியே எடுத்துவிடுவது. அப்பெண்டெக்டமி என்றால் குடல்வாலை அகற்றுதல். வெறும் 'ஓ' நின்றால் ஆட்டமி: வெட்டித் திறப்பது மட்டுமே, எதையும் எடுப்பதில்லை. லாப்பராட்டமி வயிற்றைத் திறப்பது. 'ஓ-எஸ்' நின்றால் ஆஸ்டமி. கிரேக்கத்தில் 'ஸ்டோமா' என்பது வாய். புதிதாக ஒரு வாய் அமைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருங்குடலை எடுத்துக்கொண்டால், கோலெக்டமியில் குடல் முழுவதுமோ ஒரு பகுதியோ அகற்றப்படுகிறது. கோலாட்டமியில் குடலில் வெட்டு மட்டும். கோலாஸ்டமியில் குடலை வயிற்றுத் தோல்வழியே வெளியே திறந்துவிடுகிறார்கள். ஒரே எழுத்து வித்தியாசத்தில் நோயாளியின் அன்றாட வாழ்க்கையே வேறாகிறது.

ஆஸ்டமிக்கு முன்னால் இரண்டு உறுப்புகளின் பெயர் இருந்தால், அவ்விரண்டையும் இணைத்துப் பாதை போட்டிருக்கிறார்கள் என்று பொருள். 'கேஸ்ட்ரோ ஜெஜுனாஸ்டமி' இரைப்பையையும் சிறுகுடலின் நடுப்பகுதியையும் இணைப்பது.

நீளத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். முதலில் வாலைப் படியுங்கள். என்ன செய்தார்கள் என்பது அங்கே இருக்கும். பிறகு தலையிலிருந்து வாருங்கள். எந்த உறுப்பில் என்பது தெரியும். நடுவே வரும் 'ஓ' பெரும்பாலும் துண்டுகளை ஒட்டும் பசைதான், அதற்குத் தனிப் பொருள் தேட வேண்டாம். 'ஈசோபாகோ–கேஸ்ட்ரோ–டுயோடினோ–ஸ்கோப்பி' என்ற 26 எழுத்துச் சொல்லில், உள்ளே விடும் குழாய் எந்த வரிசையில் போகிறதோ அதே வரிசையில் பெயரும் இருக்கிறது: உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல், பார்த்தல். 26 என்பது அமெரிக்க எழுத்துக்கூட்டலில். பிரிட்டிஷ் முறையில் தொடக்கத்தில் ஒரு 'ஓ' கூடும்.

கேள்வி: டயரியா, ஹெமரேஜ், சிரோசிஸ் ஆகியவற்றில் ஆர்-ஆர்-எச் வருகிறது. எழுதும்போது ஓர் ஆரையோ எச்சையோ விட்டுவிடுகிறேன். இதற்கு விதி உண்டா?

பதில்: உண்டு. கிரேக்கத்தில் 'ஆர்' ஒலியில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் உயிரொலியில் முடியும் துண்டு ஒட்டினால் அந்த 'ஆர்' இரட்டிக்கும், கூடவே எச்சும் நிற்கும். டயரியாவில் உள்ளது 'ஒழுகுதல்': 'டயா' என்றால் ஊடே, ஆக ஊடே ஒழுகுவது. ஹெமரேஜில் உள்ளது 'பீறிடுதல்', இரத்தம் பீறிடுவது. இதயத் துடிப்பு சீர் தவறுவதைக் குறிக்கும் அரித்மியாவில் உள்ளது தாளம். முன்னிருக்கும் 'ஏ' இல்லாமையைச் சொல்கிறது. ஆகவே முதல் துண்டை எழுதிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தி, ஆர்-ஆர்-எச் என்று ஒரே மூச்சில் எழுதப் பழகுங்கள்.

சிரோசிஸ் மட்டும் வேறு குடும்பம். அந்த நோயில் கல்லீரல் பழுப்பு மஞ்சளாகத் தெரிவதைப் பார்த்து, அந்த நிறத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து 1819-இல் பெயர் வைத்தவர் லென்னெக், ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த அதே பிரெஞ்சு மருத்துவர். பிற்காலத்தில் கட்டிய சொற்களில் விதி தளர்ந்தும் போகும். காது மூக்கு தொண்டை மருத்துவத்தைக் குறிக்கும் 'ஓட்டோ–ரைனோ–லாரிங்கோ–லஜி'யில் 'ரைனோ'வுக்கு ஓர் ஆர்தான்.

கேள்வி: பெடல், பெடெஸ்ட்ரியன், பீடியாட்ரிக்ஸ், ஆர்த்தோபீடிக்ஸ் எல்லாமே காலைப் பற்றியவையா?

பதில்: இல்லை. எழுத்து ஒன்றாக இருப்பதை நம்பினால் இங்கே ஏமாந்துபோவோம். பெடலும் பெடெஸ்ட்ரியனும் லத்தீன் வழி வந்தவை, பொருள் கால். பீடியாட்ரிக்ஸ் கிரேக்க வழி, பொருள் குழந்தை. ஆர்த்தோபீடிக்ஸும் குழந்தைப் பக்கம்தான்: பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்திரி 1741-இல், குழந்தைகளின் உடற்கோணலை நேராக்குவது பற்றிய நூலுக்காக, 'நேர்' 'குழந்தை' என்ற இரண்டையும் சேர்த்து உருவாக்கிய பெயர் அது. பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலில் பீடியாட்ரிக்ஸ், ஆர்த்தோபீடிக்ஸ் இரண்டிலும் 'பி-ஏ-இ-டி' என்று ஒரு 'ஏ' கூடுதலாக இருப்பதால் உடனே கண்டுபிடித்துவிடலாம். அமெரிக்க முறையில் அந்த அடையாளம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. அங்கே சொல் யாரைப் பற்றியது என்று கேட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

கேள்வி: ஐந்து உயிரெழுத்தும் வரிசை மாறாமல் வரும் சொற்கள்?

பதில்: 'ஃபெசீஷியஸ்', பொருத்தமற்ற இடத்தில் வேடிக்கை பேசுகிற. 'அப்ஸ்டீமியஸ்', உண்பதிலும் குடிப்பதிலும் அளவோடு இருக்கிற. தலைகீழ் வரிசையில் வேண்டுமானால் 'சப்கான்டினென்டல்', துணைக்கண்டம் சார்ந்த. எந்த எழுத்தும் திரும்ப வராத 15 எழுத்துச் சொல்லையும் குறித்துக்கொள்ளுங்கள்: 'டெர்மட்டோகிளிஃபிக்ஸ்', விரல்ரேகை முதலான தோல் வரிகளை ஆராயும் துறை.