ஆப்பில் ‘சில்வியா’ வந்தால் பரிகாரம் செய்யணுமா?

பூம்பாறையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். ஏழாவது மாதம், இரட்டைக் குழந்தை. போனில் ஏதோ ஜாதக ஆப்பில் பிறந்த தேதியைப் போட்டதில் ‘சந்திரனோடு சில்வியா சேர்க்கை, இரட்டைப் பிள்ளைகளைப் பிரியும் தாய்’ என்று வந்திருக்கிறது, பரிகார ரிப்போர்ட்டுக்கு 1,500 ரூபாய் கட்டவும் சொல்கிறதாம். கட்டலாமா, பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும்போதும் இதைப் பார்க்கணுமா?

கட்டாதீர்கள். அந்தச் சில்வியா யார் என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் குறுங்கோள்களில் 87-ஆவது அது. 1866 மே 16 அன்று நம்ம சென்னையில், மதராஸ் வானாய்வகத்தில் இருந்த நார்மன் போக்சன் கண்டுபிடித்தார் (அந்த ஆய்வகத்தின் வேலைதான் 1899-இல் மலையேறி உங்கள் பக்கத்துக் கொடைக்கானலுக்கு வந்தது). குறுங்கோளுக்குக் கிரேக்க, ரோமானியப் புராணப் பெண் பெயர் வைப்பது அப்போது வழக்கம், அவர் எடுத்தது ரியா சில்வியா. செவ்வாய்த் தேவனுக்கு அவள் பெற்ற ரோமுலஸ், ரீமஸ் என்ற இரட்டையரை, பட்டத்துக்குப் போட்டி வந்துவிடும் என்று பயந்த அவளுடைய சித்தப்பன் டைபர் ஆற்றில் விடச் சொல்கிறான். ஆப் இத்தோடு நிறுத்திக்கொண்டது. பிள்ளைகள் கரை ஒதுங்கி, ஓநாயிடம் பால் குடித்துப் பிழைத்து, வளர்ந்து வந்து அந்தச் சித்தப்பனைத் தீர்த்துக்கட்டினார்கள் என்பதுதான் மீதிக் கதை. இன்னொன்று, 2001-லும் 2004-லும் இந்தக் குறுங்கோளைச் சுற்றும் இரண்டு குட்டி நிலாக்களைக் கண்டுபிடித்து ரோமுலஸ், ரீமஸ் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆக, வானத்தில் பிள்ளைகள் இருவரும் தாயைத்தான் சுற்றி வருகிறார்கள். பிரிவு என்று பலன் எழுதியவருக்கு இது தெரியாது போல.

சரி, பலன் எங்கிருந்து வந்தது? பெயரிலிருந்துதான். 1970-களில் அமெரிக்க ஜோதிடர்கள் சிலர் சீரிஸ், பல்லாஸ், ஜூனோ, வெஸ்டா என்ற நான்கு குறுங்கோள்களை ஜாதகத்தில் சேர்த்தார்கள், புராணத்தில் அந்தப் பெயருக்கு உரியவளின் கதை என்னவோ அதுவே பலன். அப்புறம் கம்ப்யூட்டர் வந்ததும் மற்றவையும் வரிசையாக நுழைந்துவிட்டன. போக்சன் அன்று வேறு பெயர் வைத்திருந்தால் உங்கள் ஆப்பும் வேறு கதை சொல்லியிருக்கும். கொடைக்கானல் ஆய்வக இயக்குநராக இருந்த வைனு பாப்பு பெயரில் 2596-ஆவது குறுங்கோள் இருக்கிறது, விஸ்வநாதன் ஆனந்த் பெயரில் 4538. சந்திரனோடு ஆனந்த் சேர்ந்தால் பிள்ளை செஸ் ஆடும் என்றா பலன் சொல்வது?

அந்தச் சேர்க்கையும் அபூர்வமில்லை. சந்திரன் சுமார் 27 நாளில் பன்னிரண்டு ராசியையும் சுற்றிவிடுகிறது, மாதம் ஒருமுறை சில்வியாவைத் தாண்டத்தான் செய்யும், அந்த நேரத்தில் பிறந்த அத்தனை பேருக்கும் அதே சேர்க்கைதான். நம் முறையில் ஒன்பது கிரகம். குறுங்கோளுக்குத் தசையும் இல்லை, ஆட்சி வீடும் இல்லை, அப்புறம் தோஷம் எங்கிருந்து வரும்? மனசு கேட்கவில்லை என்றால் உங்கள் ஊர்க் குழந்தை வேலப்பருக்கு ஒரு அர்ச்சனை போதும். இரட்டைப் பிரசவம் நாளுக்கு முன்பே ஆவது சகஜம், ராத்திரியில் மலைப்பாதையில் வண்டி தேடும்படி வைத்துக்கொள்ளாமல், டாக்டரைக் கேட்டு ஆஸ்பத்திரிப் பக்கமாகவே தங்க ஏற்பாடு செய்யுங்கள். அந்த 1,500 அதற்கு ஆகும்.

பெயருக்கு நட்சத்திர பாதம் பார்த்தால் போதும். ஒரு பாதம் ஏறக்குறைய ஆறு மணி நேரம் என்பதால் பெரும்பாலும் இருவருக்கும் ஒரே எழுத்துதான் வரும். ஆனால் லக்னத்தின் நவாம்சம் (ராசியை ஒன்பதாகப் பிரித்ததில் ஒரு பங்கு) சுமார் 13 நிமிடத்துக்கு ஒருமுறை மாறும், அதனால் பிறந்த நேரத்தை நர்ஸிடம் இரண்டு பிள்ளைக்கும் தனித்தனியாகக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.